உன் செயலியைப் பயன்படுத்திப் பார்த்தேன்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய செயலி வந்தது. அழகாக இருக்கிறது என்று அம்மா சொன்னாள். கண் தெரியாத எனக்கு, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் என் திரைவாசிப்பான் மென்பொருள் சொன்னதெல்லாம் ‘பொத்தான், பொத்தான், பொத்தான்’. எது எதற்கென்று ஒரு பொத்தானுக்கும் பெயர் வைக்கவில்லை நீங்கள்.

கோபமில்லை. கண்ணுள்ளவர்கள் தங்கள் கண்ணை வைத்தே எங்களுக்குச் செய்வது பழைய வியாதி. 1780களில் பாரிசில் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கிய வாலந்தீன் ஹாயு, வழக்கமான அச்செழுத்துகளையே புடைப்பாக்கிப் புத்தகம் செய்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அந்த எழுத்து கண்ணுக்குப் பழகியது. விரல் அதைத் தடவித் தடவித் தடுமாறியது. பிள்ளைகளால் அதில் எழுதவும் முடியவில்லை. அதே பள்ளியின் மாணவன் லூயி பிரெய்ல், சார்ல் பார்பியே என்பவர் தடவிப் படிக்க வகுத்த 12 புடைப்புப் புள்ளி முறையை 6 புள்ளிகளாகச் சுருக்கி, ஒரே தொடுதலில் விரல்நுனிக்குள் அடக்கினான். 1824இல் அவனுக்கு வயது 15! பள்ளி அதை முறைப்படி ஏற்றதோ 1854இல், பிரெய்ல் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. நடுவே தடை வேறு; மாணவர்கள் ஒளித்து ஒளித்துப் படித்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆப்டகான். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் லின்வில், பார்வையற்ற தன் மகள் கேண்டிக்காக யோசித்த கருவி. 1971இல் விற்பனைக்கு வந்தது. ஒரு கையால் சிறு கேமராவை அச்சு வரிமேல் நகர்த்த வேண்டும். மறு கையின் சுட்டுவிரலுக்கடியில் 144 ஊசிகள் அதிர்ந்து எழுத்தின் வடிவத்தைக் காட்டும். ஹாயுவைப் போலவே இங்கும் அச்செழுத்துதானே என்பாய். உண்மைதான், வேகமும் குறைவு, பழகுவதும் கடினம். ஆனாலும் வந்த கடிதத்தை யாரையும் படிக்கச் சொல்லாமல் தானே படிக்கலாம். 1996இல் உற்பத்தி நின்றபோது அதை நம்பியிருந்தவர்கள் தவித்துப் போனார்கள்.

பிறகு கணினி. ஜாஸ் என்ற திரைவாசிப்பானைத் தொடங்கிய டெட் ஹென்டர் விபத்தில் பார்வை இழந்தவர். 2006இல் தொடங்கிய என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானுக்குப் பின்னால் இருந்த இருவரும் பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர்கள். எங்கே சிக்கும், எங்கே வழுக்கும் என்பதை அவர்களுக்கு யாரும் போய்ச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வடிவத்தை வண்ணம் பூசுவதற்கு முன்பே அனுப்பு. என் நண்பர் ஒருவரும் சோதித்துத் தருவதாகச் சொல்கிறார். அவருக்குக் காதும் கேட்காது. கணினியோடு இணைத்த, திரை எழுத்தைப் புடைப்புப் புள்ளிகளாக விரலுக்குக் காட்டும் பிரெய்ல் பலகையில்தான் எல்லாம் படிப்பார். உங்கள் செயலி பிழை நேரும்போது வெறும் மணி அடிக்கிறது. அதை எழுத்திலும் வரச் செய்துவிட்டு அவருக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா