நீ அனுப்பிய பன்னிரண்டு பந்துகள்

ஊட்டி,
ஜனவரி 9

அன்புள்ள முத்து,

நலம். உன் வீட்டில் எல்லோரும் நலம்தானே? உன் அக்காள் மகன் மூலம் கொடுத்தனுப்பிய கோல்ஃப் பந்துப் பெட்டி சென்ற வாரமே வந்துவிட்டது. அன்றே நன்றி எழுதியிருக்க வேண்டும். அடித்துப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். அடித்துப் பார்த்த பிறகு எப்படி எழுதுவது என்று தெரியாமல் இன்னும் இரண்டு நாள் போயிற்று. நமக்குள் ஒளிவுமறைவு எதற்கு? பன்னிரண்டில் இப்போது என் கையில் இருப்பவை ஏழு.

முதல் தவறு என்னுடையது. பெட்டியை இரவு முழுவதும் காரின் டிக்கியில் விட்டுவிட்டேன். நீர்ப்பனி முடிந்து உறைபனி தொடங்கிவிட்ட சமயம். தலைக்குந்தா பக்கம் விடியற்காலையில் புல்வெளி முழுக்க வெளுத்துக் கிடக்கிறது. கேரட் தோட்டக்காரர்கள் வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்துப் பயிரைக் காப்பாற்றுகிறார்கள். மைதானத்திலும் பனி உருகும்வரை கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், கால் வைக்க விடமாட்டார்கள். உறைந்த புல்லை மிதித்தால் அன்று ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் கழித்துக் காலடித் தடம் அப்படியே கருகி நிற்கும். எட்டரை மணிவரை காத்திருந்து, உன் பந்தை எடுத்து வைத்து, டிரைவர் என்னும் நீள மட்டையால் ஓங்கி அடித்தேன். கருங்கல்லை அடித்தது போல முழங்கைவரை அதிர்ந்தது. பந்து போன தூரத்தைச் சொல்ல மாட்டேன்.

பந்து நல்ல பந்துதான். நந்தனம் மைதானத்தில் உன் கையில் அது அழகாகப் பறந்திருக்கும். ஆனால் பந்தின் நடுவில் இருப்பது பாலிபியூட்டாடையீன் என்னும் செயற்கை ரப்பர். குளிர்ந்தால் அது துள்ள மறுக்கும். மட்டை பட்டதும் அமுங்கி விரிகிற வேகம் குறையும். ரப்பர் வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆனாலும் இரவெல்லாம் குளிரில் கிடந்தால் பந்து நடுக்கரு வரை குளிர்ந்துவிடும். காலையில் பத்து நிமிடம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் தோல்தான் சூடாகும், கரு அல்ல.

இப்போது பந்துகளை வீட்டுக்குள், சமையலறை அலமாரியில் வைக்கிறேன். "அடைகாக்க வைத்த முட்டையா இது?" என்று கேட்டாள் உன் தங்கச்சி. (அவள் முழங்கால் வலி சற்றுக் குறைந்திருக்கிறது, நாக்குக்கு ஒரு குறையும் இல்லை.) ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் இன்னும் நல்லது என்று ஒருவர் யோசனை சொன்னார். மறுத்துவிட்டேன். வேண்டுமென்றே சூடேற்றிய பந்தை அடிக்கக் கூடாது என்று விதி 4.2 சொல்கிறது, அடித்தால் போட்டியிலிருந்தே நீக்கம். மனிதர் வாழும் அறையில் பந்தும் இருந்தால் குற்றமில்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

அடுத்து, எந்தப் பந்து என்ற கேள்வி. "குளிருக்கு மெத்தென்ற பந்து, அதுதான் தூரம் போகும்" என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். பந்து எவ்வளவு அமுங்கும் என்று காட்டும் கம்ப்ரெஷன் என்ற எண்ணை வைத்துச் சொல்கிற கணக்கு அது: 60, அதற்கும் கீழே என்றால் மெத்து, 90ஐத் தாண்டினால் கெட்டி. இதில் பாதிதான் உண்மை. குளிரில் எல்லாப் பந்தும் தூரத்தை இழக்கும். வேகமாக வீசுகிற இளைஞனுக்குக் கெட்டிப் பந்துதான் அப்போதும் முன்னால் போகும். மெத்துப் பந்தின் லாபம் தூரமல்ல, கை. அடி பிசகினாலும் விரல் மரத்துப் போகாது. அடுத்த அடிக்குப் பயம் வராது. அறுபத்தாறு வயதில் எனக்கு அது போதும்.

நீ அனுப்பியது யூரித்தேன் என்னும் மெத்தென்ற பிளாஸ்டிக் தோல் போர்த்திய நாலடுக்குப் பந்து. கிரீனில் விழுந்ததும் பின்சுழற்சியால் நிற்க வேண்டும், அதற்குத்தான் அத்தனை விலை. இங்கே பனி உருகிய காலையில் கிரீன் ஈரச்சாக்கு மாதிரி இருக்கிறது. சும்மா தூக்கிப் போட்டாலும் பந்து விழுந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். இல்லாத நோய்க்கு மருந்து வாங்குவானேன்? சர்லின் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் தோல் போட்ட இரண்டடுக்குப் பந்து மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறது. கல்லில் பட்டாலும் சுலபத்தில் கீறாது. நான் அதற்கே திரும்பிவிட்டேன். அப்படியும் ஆறாம் எண் அயர்ன் மட்டை தேவைப்படும் இடத்தில், கூடுதல் தூரம் அனுப்பும் ஐந்தாம் எண்ணை எடுக்கிறேன். இழந்த தூரத்துக்கு முழுப் பழியையும் பந்தின் மேல் போடக் கூடாது. பனியன், சட்டை, ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு கோட்டு போட்டவனுக்குத் தோள் எங்கே திரும்பும்?

ஒன்றை நீ கேட்பாய் என்று தெரியும்: மலையில் பந்து அதிகம் பறக்கும் என்பார்களே? உண்மைதான். இந்த ஊர் 2,240 மீட்டர் உயரம். காலைக் குளிரில் காற்று சற்று அடர்ந்தாலும், உன் சென்னைக் காற்றை விட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு லேசாகவே இருக்கிறது. உயரம் கொடுப்பதில் ஒரு பகுதியைக் குளிர் வழியில் பிடுங்கிக்கொள்கிறது. மெலிந்த காற்றில் சுழற்சியின் பிடியும் குறைவு. அதனால் உன் பந்து வலப்பக்கம் வளைந்து ஓடும் அந்தப் பழைய வியாதி இங்கே கொஞ்சம் தணியும். முற்றிலும் குணமாகும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

நிறத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொலைந்த உன் ஐந்து பந்துகளில் நான்கு அதில்தான் போயின. வெள்ளைப் பந்து காலைப் பனியில் கரைந்துவிடுகிறது. இரண்டு அப்படிப் போயின. சரி என்று என்னிடமிருந்த மஞ்சள் பந்துக்கு மாறினேன். பனியில் பளிச்சென்று தெரிந்தது. பத்து மணிக்கு மேல், உறைபனியில் கருகி வைக்கோல் நிறமாகிவிட்ட புல்லில் அதுவும் ஒளிந்துகொண்டது. போதாததற்கு வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்ட அந்த கார்ஸ் முட்புதர், அதில் மஞ்சள் பூ. முள்ளுக்குள் கைவிட்டுத் தேடுவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது; 2019க்குப் பிறகு தேட 3 நிமிடம்தான், முன்பு போல 5 இல்லை. மதியம் மூடுபனி இறங்கியபோது மீண்டும் உன் வெள்ளைப் பந்து, இன்னும் இரண்டு காணோம். ஐந்தாவது பந்து நன்றாகவே தெரிந்தது. அதற்கு இரண்டடி தள்ளி ஒரு காட்டெருமை படுத்திருந்தது. விதிப்படி சலுகை உண்டா என்று நான் விசாரிக்கவில்லை.

ஆரஞ்சு நிறம்தான் இந்த மாதங்களுக்குச் சரி. பனியிலும் தெரிகிறது, கருகிய புல்லிலும் தெரிகிறது. பளபளப்பில்லாத மேற்பூச்சு என்றால் இன்னும் நல்லது. சாய்ந்த வெயிலில் கண்ணைக் கூசாது. கண்புரை அறுவை செய்துகொண்ட உனக்கு இது உதவும்.

நமக்கு அந்த நாளில் பை தூக்கிய பெரியவர் கார்த்திகையில் காலமாகிவிட்டார். (பை தூக்குபவரை ஆங்கிலத்தில் சொல்வதுபோல் கேடி என்று எழுதினால் ஊரார் வேறு பொருள் கொள்வார்கள், அவர் அதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பார்.) 1896-இல் தொடங்கிய கிளப்பில் தன் தாத்தா காலத்திலிருந்து வேலை என்று பெருமைப்படுவார். காந்தலில் அவர் வீட்டுக்குப் போய்வந்தேன். ஒரு பிஸ்கெட் டப்பாவை என்னிடம் கொடுத்தார்கள். உள்ளே புதரில் பொறுக்கிய பழைய பந்துகள். 1.62 அங்குல விட்டமுள்ள இங்கிலீஷ் சின்னப் பந்துகூட ஒன்று இருக்கிறது. 1990 முதல் 1.68க்குக் குறைந்த பந்தை எங்கும் ஏற்பதில்லை என்பதால் இனி அது காட்சிப்பொருள்தான். ரப்பர் நூல் சுற்றிய பந்தும் ஒன்று இருந்தது, மேல்தோல் பிளந்தபடி. வங்கிக் குடியிருப்பு வாசலில் நீ பேனாக்கத்தியால் அப்படி ஒன்றைக் கீறினாயே, நூல் சீறிக்கொண்டு அவிழ்ந்து உன் மூக்கில் அடித்ததே, அதே ஜாதி. அறுத்துப் பார்க்கக் கை பரபரத்தது. நீ வரும்வரை விட்டுவைத்திருக்கிறேன்.

பொங்கல் முடிந்து வருகிறாய் அல்லவா? மேட்டுப்பாளையத்தில் பஸ் பிடிக்குமுன் ஸ்வெட்டரைக் கைப்பையில் எடுத்து வைத்துக்கொள். குன்னூர் தாண்டியதும் பெட்டியைத் தேடாதே. பந்து எதுவும் கொண்டுவர வேண்டாம். நீ அனுப்பியதில் மிச்சம் ஏழும் சித்திரை வெயிலுக்காகத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். வரும்போது அரைக் கிலோ காப்பித்தூள், சிக்கரி கலக்காதது, வாங்கி வா. இங்கே தேயிலை மட்டும்தான் நன்றாகக் கிடைக்கிறது.

உன்,
சிவா