சைடுமவுண்ட் செட்டை ஏன் இனி கூரியரில் அனுப்புவதில்லை?

காரைக்குடி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

தண்ணீருக்கடியில் இருக்கும் குகைக்குள் நீந்துகிறவர்கள், காற்று சிலிண்டரை முதுகில் கட்டாமல் விலாவுக்கு ஒன்றாகத் தொங்கவிடும் அமைப்புதான் சைடுமவுண்ட். அந்தச் செட்டுகளை ஹோஸ் (காற்றுக் குழாய்) பூட்டி கூரியரில் அனுப்புவதை இந்த மாதத்தோடு நிறுத்திவிட்டோம். சர்வீஸ் மட்டும் என்றால் வழக்கம்போல அனுப்பி வாங்கிக்கொள்ளலாம். பூட்டித் தரவேண்டும் என்றால் நேரில் வந்து, மாட்டிப் பார்த்துத்தான் எடுத்துப் போகவேண்டும். திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போது செட்டைக் கொடுத்துவிட்டு, சிங்கப்பூர் திரும்பியபின் பார்சலை எதிர்பார்க்கிறவர்களுக்கு இது சிரமம்தான். "நாலு ஹோஸைத் திருகுறதுக்கு நான் எதுக்குண்ணே வரணும்?" என்று ஒருவர் போனில் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறோம்.

தப்பு எங்களுடையது. போன வருடம் ஒருவருக்கு அளவு கேட்காமல், இடது சிலிண்டருக்கு 55 செ.மீ. ஹோஸ் போட்டு அனுப்பிவிட்டோம். பலருக்குச் சரியாக வரும் அளவு அது. ஆனால் அவர் ஆறடிக்கு மேல். நீச்சல் குளத்தில் இறங்கித் தலையைத் திருப்பினால், ரெகுலேட்டர் (கடித்துக்கொண்டு சுவாசிக்கும் கருவி) வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருகிறது. நல்லவேளை, நீச்சல் குளம்.

முதுகில் இரட்டை சிலிண்டர் கட்டுகிறவர்களுக்கு நடுவில் இணைப்புக் குழாய் இருக்கும். இரண்டும் ஒரே பானை மாதிரி, ஒரு கேஜ் (காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் அழுத்தமானி) போதும். சைடுமவுண்டில் விலாவுக்கு ஒன்றாகத் தொங்கும் இரண்டும் தனித்தனி. ஆளுக்கொரு ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் (சிலிண்டர் வால்வில் மாட்டி, அழுத்தத்தைக் குறைக்கும் பாகம்), ஆளுக்கொரு கேஜ். "ஒரு கேஜை எடுத்துட்டா இடம் மிச்சம்தானே" என்று கேட்பவர்களுக்காகக் கணக்கைப் போட்டே காட்டிவிடுகிறோம்.

ஒரே அளவுள்ள இரண்டு சிலிண்டரிலும் 200 பார் (காற்றழுத்த அளவு) இருக்கிறது. குகைக்காரர்களின் மூன்றில் ஒரு பங்கு விதிப்படி (போக ஒரு பங்கு, திரும்ப ஒரு பங்கு, அவசரத்துக்கு ஒரு பங்கு), உள்ளே போக ஒவ்வொன்றிலும் சுமார் 60 பார்தான் செலவழிக்கலாம். மாற்றி மாற்றிச் சுவாசித்தால், திரும்பும் இடத்தில் இரண்டிலும் 140 இருக்கும். அங்கே ஒன்று முழுக்கப் போய்விட்டாலும், உள்ளே வர ஆன 60-ம் 60-ம் சேர்த்து, வெளியே வரத் தேவையான 120 மற்றதில் இருக்கிறது. அதே 120-ஐப் போகும்போதே ஒன்றிலிருந்து மட்டும் குடித்துவிட்டால்? ஒன்றில் 80, மற்றதில் 200. அந்த 200 பழுதானால் கையில் 80. வாசலுக்கு 40 பார் குறைகிறது. தலைக்கு மேல் பாறை, நேராக மேலே போக வழியில்லை. அதனால்தான் 30, 40 பாருக்கு ஒரு தடவை ரெகுலேட்டரை மாற்றுகிறார்கள். இரண்டு முள்ளையும் பார்த்துக்கொண்டே போகிறார்கள்.

கேஜுக்கு 15 செ.மீ. குட்டை ஹோஸ்தான் போடுகிறோம். நீளமானது வளைந்து தொங்கி, வழிகாட்டிக் கயிற்றில் மாட்டும். கேஜின் முகம் மேலே பார்க்க வைப்பதா, சிலிண்டரோடு ஒட்டிக் கீழே விடுவதா என்பதில் இரண்டு கட்சி உண்டு. எங்கள் கை கீழேதான் போகும். படிக்க விரலால் கொஞ்சம் நிமிர்த்த வேண்டும், அவ்வளவுதான். மேலே வேண்டும் என்றால் சொல்லுங்கள், சண்டையில்லை.

வலது சிலிண்டரின் ஹோஸ் 2.1 மீட்டர். கூட வருபவருக்குக் காற்று தீர்ந்தால் அதைத்தான் கொடுப்பீர்கள். இடுக்கில் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் நீந்த முடியாது, ஒருவர் பின் ஒருவராகத்தான் வரவேண்டும்; அதற்குத்தான் இந்த நீளம். இடது சிலிண்டரின் குட்டை ஹோஸ் ரெகுலேட்டர் கழுத்தில் ரப்பர் கயிற்றில், தாடைக்குக் கீழே கிடக்கும். வலமும் இடமும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி அமைய வேண்டும். ஃபர்ஸ்ட் ஸ்டேஜை எந்தக் கோணத்தில் திருப்பினால் ஹோஸ் நெஞ்சோடு படியும் என்பது உங்கள் தோள், உங்கள் ஹார்னஸ் (உடம்பில் மாட்டும் வார்ப்பட்டை) சொல்வது. மேஜைமேல் வைத்துச் சொல்ல முடியாது. மாப்பிள்ளை இல்லாமல் சட்டை தைக்கிற கதை அது.

பூட்டியதும் காற்றை விட்டு அண்டாவில் முக்குவோம். (முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய பழைய பித்தளை அண்டா. விலைக்குக் கேட்காதீர்கள்.) பெரும்பாலும் குமிழி வருவது கேஜ் சுழலும் மூட்டில். உள்ளே ஒரு சின்ன ஊசிக் குழல், இரண்டு முனையிலும் மிளகு அளவில் ரப்பர் வளையம், அது தேய்ந்திருக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும், கேஜ் ஹோஸின் வாய் குண்டூசித் துளைதான், காற்று மெதுவாகத்தான் போகும். வாய்க்குப் போகும் ஹோஸ் வெடித்தால்தான் சிலிண்டர் சீக்கிரம் காலியாகும். அதில் அழுத்தம் 9, 10 பார்தான், ஆனால் துளை பெரிது. ஆகவே எங்கள் பில்லில் அந்த ஹோஸ் மாற்றச் சொல்லியிருந்தால் பேரம் பேசாதீர்கள்.

சிலிண்டர் வால்வைத் திறக்கும்போது கேஜ் கண்ணாடியை முகத்துக்கு நேரே வைக்காதீர்கள். கடலில் இறங்கிவிட்டு வந்தால் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவுங்கள். குகைப் பயிற்சி முடிக்காதவர்களுக்கு இந்தச் செட்டை நாங்கள் பூட்டித் தருவதில்லை; அதில் மாற்றமில்லை.

வரும்போது ஹார்னஸ், இரண்டு ரெகுலேட்டர், குளிருடை போடுகிறவர் என்றால் அதுவும். சிலிண்டர் கடையிலேயே இருக்கிறது. ஒருவருக்கு இரண்டு மணி நேரம் ஆகும். மதியம் ஒன்றரை முதல் மூன்று வரை சாப்பாட்டு நேரம், அப்போது மட்டும் வரவேண்டாம்.

இங்ஙனம்,
கடைக்காரர்கள்