முறைப்பாடு: ‘காணாமல் போனவர்கள்’ என்று நீங்கள் பெயர் வைத்த நிகழ்ச்சி பற்றி

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பதிகாரி அவர்களுக்கு,

மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மணி,

இது என் ஐந்தாவது முறைப்பாடு. முதல் நான்கையும் தொலைபேசியில் சொன்னேன். நான்கு தடவையும் ஒவ்வொரு இலக்கம் தந்தீர்கள். பிறகு எடுத்துக் கேட்டால் ஒரு இலக்கமும் உங்கள் கணினியில் இல்லையாம். அதனால் பதிவுத் தபாலில் எழுதுகிறேன்.

எந்த நிகழ்ச்சி என்று நான் விளக்கத் தேவையில்லை, சனிக்கிழமை இரவு 8 மணிக்குப் போவது. கடைத்தொகுதிக்குள் ஆட்கள் ஒளிந்திருக்க மற்றவர்கள் தேடிப் பிடித்துக் கைத்தொலைபேசி பரிசு வாங்கும் விளையாட்டு. விளையாட்டில் எனக்குக் குறையில்லை. அதற்கு நீங்கள் வைத்த தமிழ்ப் பெயரில்தான் குறை. சனல்காரரிடம் கேட்டேன். தாங்கள் தமிழில் பெயரே கொடுக்கவில்லை, உங்கள் டிஷ் ரிவி பொக்ஸின் நிகழ்ச்சி அட்டவணையில் வருவது உங்கள் நிறுவனம் எழுதியது என்று தெளிவாகச் சொன்னார்கள்.

நாங்கள் கிளிநொச்சி மாவட்டத்து முரசுமோட்டை ஆட்கள். என் அண்ணாவை, போர் முடிந்த 2009 மே மாதம், வட்டுவாகலில் அம்மா தன் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்தா. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் பிள்ளைகளைத் தேடும் தாய்மார் போராட்டம் இருக்கத் தொடங்கிய நாள் முதல் அம்மாவும் அங்கே போய் இருக்கிறா. ஆகஸ்ட் 30 காணாமல் ஆக்கப்பட்டோருக்கான சர்வதேச நாள். அன்று முழுக்க வெயிலில் நின்றுவிட்டு வந்த அம்மாவுக்கு, பின்னேரம் பொக்ஸில் அந்தப் பெயர் கண்ணில் பட்டது. தங்களைப் பற்றித்தான் போடுகிறார்கள் என்று நம்பினா.

ஒன்றை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். ‘போனவர்கள்’ என்ற சொல்லை அந்த அம்மாமார் ஏற்பதில்லை. தானாக நடந்து போனவன்தான் போனவன், ஒப்படைத்த பிள்ளை எப்படிப் போகும் என்று கேட்பார்கள். அவர்களின் பதாகையில் ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றுதான் இருக்கும். 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த ‘காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்’, அதன் பெயரோடேயே அவர்களுக்குப் பிணக்கு. அப்படிப்பட்ட அம்மா அன்று சொன்னா, “போனவர்கள் எண்டுதான் எழுதியிருக்கினம். பரவாயில்லை மோனை, காட்டுகினமே.” ஏழரைக்கே முகம் கழுவி, அண்ணாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. பக்கத்து வீட்டு மாமியையும் கூப்பிட்டா.

எட்டு மணிக்கு மேளம் அடித்தது. ஒருவன் உடுப்பு அலுமாரிக்குள் இருந்து குதித்தான். எல்லாரும் கைதட்டினார்கள். “ஏன் மோனை சிரிக்கினம்?” என்று அம்மா கேட்டா. இதற்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? உங்கள் நிறுவனத்தில் யாராவது ஒருவர் எழுதி அனுப்புங்கள்.

கிளிநொச்சிக் கிளைக்கு இரண்டு தரம் போனேன். அந்தப் பிள்ளை மரியாதையாகக் கதைத்தா, ஆனால் வவுனியாவில்தான் முடிவெடுப்பார்கள் என்றா. வவுனியாவுக்குப் போன நாளைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பரந்தனில் விடிய ஐந்தரைக்கு பஸ் ஏறி, மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை எல்லாம் நின்றுகொண்டே போனேன். ஒன்றரை மணித்தியாலம் இருக்க வைத்தார்கள். பிறகு ரீலோட் காசை எண்ணிக்கொண்டிருந்த ஒரு தம்பி, தலையை நிமிர்த்தாமலே, “பேரில என்ன இருக்கு? பிடிக்காட்டி சனலை மாத்துங்கோ. வேற ஒருத்தரும் முறைப்பாடு சொல்லேல்லை” என்றார். அவருக்கு இருபத்தைந்து வயதுகூட இராது. என் வயதுக்காவது ஒரு கதிரையைக் காட்டியிருக்கலாம். பேரில என்னவா இருக்கு? பேர் ஒன்றைத்தானே அம்மா எட்டு வருசத்துக்கு மேலாகப் பதாகையில் எழுதித் தூக்கிக்கொண்டு நிற்கிறா!

அன்றைக்குத்தான் எங்கள் வயலுக்கு வெட்டு மெசின் முறை. நான் இல்லாததால் அடுத்த வயலுக்குப் போய்விட்டது. திரும்பி வர நாலு நாள், அதற்குள் மழை. இந்தச் சிறுபோகம் எனக்கு முழுதாக அழிந்துவிட்டது. பன்னிரண்டு மூடை முளைத்துப் போனது. அதை உங்கள் கணக்கில்தான் எழுதுகிறேன்.

உங்கள் அட்டவணையில் இது ஒன்று மட்டுமல்ல. மாமியாரோடு கோபித்துப் போன மருமகள் திரும்பி வரும் நாடகத்துக்கு ‘மீள்குடியேற்றம்’ என்று போட்டிருக்கிறீர்கள். முகாமில் இருந்து வந்து, கூரையில்லாத வீட்டின் முன்னால் தறப்பாள் கட்டிக் கிடந்தவர்களுக்கு அந்தச் சொல் என்னவென்று தெரியும். ஒரு தமிழ் ஆளை, வன்னிக்குள் கால் வைத்த ஒரே ஒரு ஆளைக் கேட்டிருந்தால் போதும். எங்கள் பிள்ளைகள் இந்த விளையாட்டை ‘ஒளிச்சுப் பிடிச்சு’ என்பார்கள். நல்ல பெயர், குழந்தைக்கும் விளங்கும். காசு கொடுத்து வாங்கவும் தேவையில்லை.

தயவுசெய்து அந்தப் பெயரை மாற்றுங்கள். அம்மாவின் பெயருக்கு எழுத்தில் மன்னிப்புக் கடிதம் அனுப்புங்கள். இரண்டு மாதக் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள். உங்கள் சேவையை ஆறு வருடமாகப் பாவிக்கிறேன், ஒரு மாதமும் காசு பிந்தவில்லை, ஆகையால் இதை உரிமையோடு கேட்கிறேன். 14 நாளுக்குள் பதில் இல்லையென்றால் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் இதே கடிதம் போகும். எங்கள் வீதியில் உள்ள டிஷ் அத்தனையையும் கழற்றுவித்து உங்கள் வவுனியாக் கிளை வாசலில் கொண்டுவந்து இறக்குவேன். அம்மாமாரும் வருவார்கள். அவர்களுக்கு வாசலில் இருப்பது புதிதில்லை.

பஸ் ரிக்கற், கட்டணப் பற்றுச்சீட்டுப் பிரதிகள் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
முரசுமோட்டை.

பி.கு: பதிலைத் தபாலில் மட்டும் அனுப்பவும். தொலைபேசியில் அழைக்க வேண்டாம். தெரியாத இலக்கம் வந்தால் அம்மாதான் ஓடிப்போய் எடுப்பா.