மேலாண்மைக் குழு எப்போது கூடியது?

ஐயா,

அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் 71-ஐ, டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து, சுமார் 2,877 கோடி ரூபாயில் தொழில் 4.0 (கணினி, தானியங்கி முறை சார்ந்த நவீன உற்பத்தி) மையங்களாகத் தரம் உயர்த்தும் தமிழக அரசின் திட்டம் வரவேற்கத்தக்கது. ஆனால், டர்னர் (உலோகக் கடைசல்) பிரிவில் என் மகன் படிக்கும் நிலையத்தில், கணினி வழி இயங்கும் சி.என்.சி. இயந்திரம் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருக்க, பழைய லேத் ஒன்றில் நான்கு பேர் முறை வைத்துக் கடைசல் பழகுகிறார்கள். 2007-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின்படி, தொழில் துறையினரைத் தலைவராகவும் நிலைய முதல்வரை உறுப்பினர் செயலராகவும் கொண்டு, 2.5 கோடி ரூபாய் வரை வட்டியில்லாக் கடன் பெறத் தகுதியுடன் அமைக்கப்பட்ட மேலாண்மைக் குழு, எங்கள் நிலையத்தில் எப்போது கூடியது, எதற்குச் செலவிட்டது என்று கேட்டால், 'அலுவலகத்தில் கேளுங்கள்' என்கிறார்கள். அலுவலகமோ முதல்வரைக் கைகாட்டுகிறது. கூட்ட நடவடிக்கைக் குறிப்பையும் வரவு-செலவுக் கணக்கையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்குத் தனி அரசாணையா வேண்டும்?

இப்படிக்கு,
ஒரு மாணவரின் தந்தை