ராத்திரியில் உருகிய லேயர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். குளிர் பழகிவிட்டது என்று அம்மாவிடம் சொல். பேச்சுதான் இன்னும் பழகவில்லை. ஆபீஸில் எல்லாரும் கடகடவென்று பேசுகிறார்கள். புரிந்த பாதிக்குத் தலையாட்டுகிறேன், புரியாத பாதிக்குச் சிரித்து வைக்கிறேன். கம்ப்யூட்டரில் ஆட்டோகேட் டிராயிங்கைத் திறந்து உட்கார்ந்தால்தான் எனக்கு மூச்சு வருகிறது.

இன்னொரு ஃபைலை எக்ஸ்ரெஃபாக டிராயிங்குக்குள் இணைத்தால், சுவர், நாற்காலி என்று தனித்தனி அடுக்காக வைக்கும் லேயர் எல்லாம் குழம்பிப்போகிறது என்று எழுதியிருந்தாயே, வந்த மூன்றாவது வாரம் நான் பட்ட பாட்டைக் கேள்.

இங்கே ஒரு கட்டிடத்தை ஒரே ஃபைலில் வரைவதில்லை. பிளான் ஒரு ஃபைல், தூணும் பீமும் ஒன்று, ஏசி டக்ட் ஒன்று. எனக்கு வந்தது சீலிங் ஷீட். பிளானை எக்ஸ்ரெஃபாக உள்ளே எடுத்து, மேசை, நாற்காலி, தரை டைல் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, விளக்குகளை வைக்க வேண்டும். லேயர் பட்டியலில் ஃபைல் பெயர், நடுவில் ஒரு செங்குத்துக் கோடு, அப்புறம் லேயர் பெயர் என்று வரிசையாக நிற்குமே, அப்படி நாற்பது ஐம்பது இருந்தன. ஒரு மத்தியானம் முழுக்க வேண்டாததையெல்லாம் ஃப்ரீஸ் செய்து மறைத்தேன். சேவ் செய்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் திறந்தால் நாற்காலிகள் எல்லாம் சீலிங்கில் தொங்குகின்றன. மறுபடி ஃப்ரீஸ் செய்தேன். மறுநாளும் அதே கதை. பக்கத்து சீட் ஆள் மேல்கூட எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, பாவம். மூன்றாம் நாள் ஆபீஸில் மூத்தவர் ஒருவர், அதிகம் பேசாதவர், என் கீபோர்டை இழுத்து 'விஸ்ரீடெய்ன்' (VISRETAIN) என்ற செட்டிங்கின் பெயரைத் தட்டினார். 0 என்று காட்டியது. 1 போட்டுவிட்டு எழுந்து போனார்.

அது 0 ஆக இருந்தால், ஷீட்டைத் திறக்கும்போதும் எக்ஸ்ரெஃபை ரீலோட் செய்யும்போதும் பிளான் ஃபைலில் லேயர் எப்படி இருக்கிறதோ அப்படியே வந்துவிடும். 1 என்றால் உன் ஷீட்டில் நீ மறைத்தது மறைந்தே இருக்கும். வழக்கமாக 1தான். ஆனால் அந்த எண் கம்ப்யூட்டரில் இல்லை, டிராயிங்குக்குள்ளேயே சேவ் ஆகிறது. நான் காப்பி அடித்த பழைய ஷீட்டோடு அந்த 0 ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

பிளான் ஃபைலையே திறந்து அங்கே ஃப்ரீஸ் செய்துவிடலாமே என்று எனக்கும் கை துறுதுறுத்தது. நீ அதைச் செய்யாதே. அது இன்னொருவர் வேலை செய்கிற ஃபைல். நாற்காலி எங்கே போனது என்று அவர் தேடுவார்.

இன்னொரு தப்பும் செய்தேன். பிளானின் புதிய பதிப்பு தேதி சேர்த்த பெயரோடு வந்தது. பழையதை டிடாச் செய்து கழற்றிவிட்டுப் புதியதை அட்டாச் செய்து சேர்த்தேன். லேயர் பெயருக்கு முன்னால் நிற்கும் ஃபைல் பெயர் மாறிவிட்டதா, நான் மறைத்தது ஒன்றும் மிச்சமில்லை. எக்ஸ்ரெஃப் பட்டியலில் பாதையை மட்டும் புதிய ஃபைலுக்கு மாற்றியிருந்தால் போதும். கொஞ்ச நேரத்துக்கு எக்ஸ்ரெஃப் வேண்டாமென்றால் அன்லோட் செய், டிடாச் பக்கம் போகாதே.

லேயரை மறைக்க ஆஃப், ஃப்ரீஸ் இரண்டும் ஒன்றுதானே என்று நீ கேட்பாய். எக்ஸ்ரெஃபை எந்த லேயரில் வைத்தாயோ அதை ஆஃப் செய்து பார், பிளான் அப்படியே நிற்கும். ஃப்ரீஸ் செய், மொத்தமும் காணாமல் போகும். ஷீட்டில் ஒரே பிளானை இரண்டு வியூபோர்ட்டில், அதாவது இரண்டு ஜன்னல்களில் காட்டி, ஒன்றில் மட்டும் நாற்காலி தெரிய வேண்டுமென்றால், மற்ற வியூபோர்ட்டுக்குள் இரட்டை க்ளிக் செய்து போய் அங்கே மட்டும் ஃப்ரீஸ் செய்ய வேண்டும். லேயர் பட்டியலில் அதற்குத் தனி நெடுவரிசை இருக்கிறது. வரைகிற மாடல் பக்கத்தில் ஃப்ரீஸ் செய்தால் எல்லா வியூபோர்ட்டிலும் போய்விடும்.

எல்லாம் சரியாக வைத்த பிறகு, எது மறைந்து எது தெரிகிறது என்ற நிலையை லேயர் ஸ்டேட்டாக ஒரு பெயர் கொடுத்துச் சேமித்துவிடு. அதற்குப் பிறகும் நிம்மதியாகத் தூங்க முடியாது. பிளான் வரைபவர் புதிதாக ஒரு லேயர் சேர்த்தால், அதைப் பற்றி உன் ஷீட்டுக்கு எதுவும் தெரியாது. அவர் ஃபைலில் இருப்பது போலவே வந்து நிற்கும். போன வாரம் பிரிண்ட் எடுத்துப் பார்த்தால் விளக்குகளுக்கு நடுவே செடித்தொட்டிகள். முந்தின நாள்தான் சேர்த்தாராம்.

உன் டிராயிங்கில் அந்த விஸ்ரீடெய்னைத் தட்டிப் பார்த்து என்ன எண் வருகிறது என்று எழுது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்கிறேன், நீயும் பக்கத்தில் இரு.

அன்புடன்,
அக்கா