வலது வளைவு: அண்ணனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

சென்னைத் தொலைக்காட்சி நிலையத்துக்கு 2025 ஆகஸ்ட் 15-ஆம் தேதியோடு ஐம்பது வயது. அது 1975-இல் தொடங்கிய நாளை தூர்தர்ஷனின் கண் இலச்சினையைத் திரையிலிருந்து நீங்கள் படியெடுத்து வைத்த பட்டர் பேப்பர் கட்டின் மேலுறையில் சிவப்பு மையால் எழுதி வைத்திருந்தீர்கள். அதனால்தான் அந்தத் தேதி எனக்கு மறக்கவே இல்லை. அந்தக் கட்டு எங்கே இருக்கிறது என்று நீங்கள் ஒருமுறைகூட என்னிடம் கேட்டதில்லை. கேட்காததையே சாக்காக வைத்துக்கொண்டு நானும் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடத்திவிட்டேன். அது இப்போது இல்லை. 2000-ஆம் ஆண்டுப் போகியன்று விடியற்காலையில், கிழிந்த பாய்களோடும் பழைய முறத்தோடும் சேர்த்து அதை நெருப்பில் போட்டது நான்தான்.

இதைத் தொலைபேசியில் சொல்லப் பலமுறை முயன்றேன். உங்கள் குரலைக் கேட்டதும் பிள்ளைகளின் படிப்பையும் அம்மாவின் மாத்திரைகளையும் பற்றிப் பேசி முடித்துவிடுவேன். இங்கே எழுதினால் பின்வாங்க முடியாது என்பதற்காகவே எழுதுகிறேன். சித்தி வீட்டாரும் அத்தை பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள். எனவே அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டிய சிலவற்றைச் சொல்லாமல் விடுகிறேன்; அவை எவை என்று உங்களுக்குத் தெரியும்.

நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது ஒரே ஒரு மாலைப் பொழுதைத்தான். கொடைக்கானல் தொலைக்காட்சிக் கோபுரத்தின் அலை நம் ஊருக்குத் தெளிவாக வரத் தொடங்கியிருந்த காலம் அது. மாலை ஒளிபரப்புத் தொடங்கும் நேரத்துக்கு முன்பே டயனோரா தொலைக்காட்சிப் பெட்டியின் மரக்கதவைத் திறந்து வைத்துவிட்டு, தாளை விரித்துத் தயாராக நிற்பீர்கள். பெட்டிக்கு உயிர் வந்ததும் பட்டர் பேப்பர் கண்ணாடியில் தானாகவே ஒட்டிக்கொள்ளும். என் கை மயிர் குத்திட்டு நிற்கும். கீழ் மூலைகள் இரண்டையும் நான் பிடித்துக்கொள்ள வேண்டும். ஷெனாய் இசை இழைய, அந்த வடிவங்கள் சுழன்று சுழன்று கண்ணாக வந்து நிற்கும் சில நொடிகளுக்குள் நீங்கள் பென்சிலை ஓட்ட வேண்டும். ஒரு நாளில் ஒரு வளைவில் பாதிதான் கிடைக்கும். மறுநாள் அதே தாளை அதே இடத்தில் பொருத்தினால் கோடு சேராது. தாளை நான் அசைத்துவிட்டேன் என்று கடிந்துகொள்வீர்கள்.

அண்ணா, நான் அசைக்கவில்லை. பத்து வயதில் அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, இப்போது தெரியும். படக்குழாயின் முகப்புக் கண்ணாடி தடிப்பானது, வளைந்தது. படம் உருவாவதோ அதன் உட்புறத்தில். பார்ப்பவரின் தலை சற்று நகர்ந்தாலே, வெளியே ஒட்டியிருக்கும் தாளுக்கும் உள்ளே தெரியும் கோட்டுக்கும் இடையே விலகல் உண்டாகிவிடும். ஒவ்வொரு நாளும் உங்கள் தலைதான் வேறு உயரத்தில் இருந்தது. இவ்வளவு காலம் கழித்து இதைச் சொல்வது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனாலும் அந்தப் பழியை நான் சும்மா சுமந்தேன்.

அதே நேரத்தில், உங்கள் கையும் நடுங்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். கண்ணுக்கு அடியில் இருந்த எழுத்துகளின் மெல்லிய படுக்கைக் கோடுகளை எத்தனை முறை அழித்து அழித்து வரைந்தீர்கள்! நடுங்கியது திரையில் இருந்த கோடு. நம் நாட்டு ஒளிபரப்பில் ஒரு முழுப் படத்துக்கு 625 வரிகள். அவற்றில் ஒற்றைப்படை வரிகளை ஒருமுறையும் இரட்டைப்படை வரிகளை அடுத்த முறையுமாக, நொடிக்கு 50 தடவை மாறி மாறிப் பெட்டி எழுதிக்கொண்டிருந்தது. ஒரு வரி அளவுக்கு மெல்லியதாக ஒரு கோடு இருந்தால், அது இரண்டில் ஒரு முறை மட்டுமே எழுதப்படும், அதாவது நொடிக்கு 25 தடவை தோன்றித் தோன்றி மறையும். கண்ணுக்கு அது துடிப்பாகத் தெரியும். தொலைக்காட்சிக்கு வரைபவர்கள் அந்தக் காலத்தில் கோடுகளைத் தடிமனாக வைத்ததற்கு இது முக்கியக் காரணம். ‘எனக்கு வரைய வராது’ என்று நீங்கள் பென்சிலை வீசிய அந்த நாளில் இதை விளக்கிச் சொல்ல நம் வீட்டில் ஒருவர் இருந்திருக்கலாம்.

அந்த மாலையில் என் உள்ளங்கை வியர்வை பட்டுத் தாளின் வலது மூலை நைந்துபோயிற்று. நான் அழ ஆயத்தமானேன். நீங்கள் திட்டவில்லை. புதுத் தாளை எடுத்து, பென்சிலை என் கையில் கொடுத்து, ‘நாளைக்கு நீ வரை, நான் பிடித்துக்கொள்கிறேன்’ என்றீர்கள். மறுநாள் அப்படியே பிடித்துக்கொண்டீர்கள். நான் வரைந்தது உருளைக்கிழங்கைப் போல் இருந்தது. அதன் மேலேயே லேசான கோட்டில் திருத்திக் காட்டினீர்கள்: வட்டத்தின் இருபுறமும் உள்ள வளைவுகள் ஒன்றையொன்று துரத்துகின்றன, தொட்டுவிடக் கூடாது என்றீர்கள். அப்போது அப்பா வாசலில் வந்து நின்றார். அவர் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். அகமதாபாத் விண்ணப்பத்தைப் பற்றியும் எழுத மாட்டேன்.

ஆனால் உங்களுக்குத் தெரிந்திராத ஒன்றை எழுதலாம். அந்தக் கண்ணை வரைந்தவரும் அப்போது ஒரு மாணவர்தான். தேவாசிஸ் பட்டாச்சார்யா என்பது அவர் பெயர். நீங்கள் போக விரும்பிய அதே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் படித்துக்கொண்டிருந்தார். மாணவர்களும் ஆசிரியர்களும் வரைந்து கொடுத்த பல வடிவங்களிலிருந்து இது தேர்வானது. அது சுழன்று கண்ணாவதை எந்தக் கணிப்பொறி செய்கிறது என்று வாரக்கணக்கில் யோசித்தீர்களே, கணிப்பொறி எதுவும் இல்லை. ஆர்.எல். மிஸ்திரி என்னும் இன்னொரு மாணவர், அந்த ஓவியத்தின் பிரதிகளைக் கேமராவின் கீழே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பிப் படம் பிடித்தார். ரவிசங்கரும் உஸ்தாத் அலி அகமது உசேன் கானும் சேர்ந்து அமைத்த இசையோடு 1976 ஏப்ரல் 1-இல் அது முதன்முதலாக ஒளிபரப்பானது. தாளும் கையும் பொறுமையும் கொண்டு செய்த வேலை அது; உங்களிடமும் அந்த மூன்றும் இருந்தன. இதைப் படித்து அறிந்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை.

நீங்கள் வெளிநாடு போன பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். நாம் நொடிகளை எண்ணிக்கொண்டு துரத்திய கண், திரையின் மூலையில் நாள் முழுவதும் அசையாமல் உட்கார்ந்துகொண்டது. 1993-க்குப் பிறகு செயற்கைக்கோள் வழியாகத் தமிழ் அலைவரிசைகள் பெருகின. எது எந்த நிலையம் என்பதை மூலையைப் பார்த்தே அறிய வேண்டியதாயிற்று. இனி நிதானமாக வரையலாமே என்று அண்ணனுக்கு எழுத வேண்டும் என நினைத்தேன். எழுதவும் செய்தேன். உங்களிடமிருந்து பதில் வரவில்லை.

2000-ஆம் ஆண்டில் சென்னை நிலையத்தின் அலைவரிசைக்குப் ‘பொதிகை’ என்று பெயர் வைத்தார்கள். கண்ணோடு ஒரு தமிழ் மலையின் பெயரும் திரைக்கு வந்தது. தென்றல் பிறக்கும் மலை, அகத்தியர் மலை என்று அம்மா பூரித்துப்போனார். எனக்கோ அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஆண்டின் போகிதான் நினைவுக்கு வந்தது. அப்பா படுக்கையில் இருந்தார். பொங்கலுக்கு வர இயலாது என்று நீங்கள் தொலைபேசியில் சொன்னது அதற்கு முந்தைய வாரம். பரணைச் சுத்தம் செய்தபோது அந்தக் கட்டு கையில் அகப்பட்டது. அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்க ஆளில்லாத வீட்டில், உங்களுடைய கண்கள் மட்டும் முப்பது நாற்பது தாள்களில் பத்திரமாக இருந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. அது நியாயம் என்று சொல்லவில்லை. அது முழு அநியாயம் என்றும் என்னால் இன்றைக்குச் சொல்ல முடியவில்லை. பட்டர் பேப்பர் எவ்வளவு விரைவாக எரியும் என்பது எனக்குத் தெரியாது. கையை நீட்டுவதற்குள் முடிந்துவிட்டது. ஆம், நான் கையை நீட்டினேன்.

மன்னித்துவிடுங்கள்.

2017-இல் தூர்தர்ஷனுக்குப் புதிய இலச்சினை வரைந்து அனுப்பும்படி பொதுமக்களுக்கு ஒரு போட்டி அறிவித்தார்கள். அந்த அறிவிப்பை உங்களுக்கு அனுப்ப எடுத்து வைத்து, அனுப்பாமலே அழித்துவிட்டேன். கட்டு எங்கே என்று கேட்பீர்களோ என்ற பயம்தான் காரணம். எத்தனையோ பேர் வரைந்து அனுப்பியும் அந்தக் கண்ணே நிலைத்தது. 2024 ஜனவரி 19 அன்று பொதிகை என்ற பெயர் போய், ‘டிடி தமிழ்’ என்று மாறியது. அதே ஆண்டு ஏப்ரலில் டிடி நியூஸ் இலச்சினை சிவப்பிலிருந்து காவிக்கு மாறியபோது எழுந்த சண்டை நம் குடும்பக் குழுவிலும் நடந்தது. அதை இங்கே தொடர விரும்பவில்லை. நாம் வளர்ந்தது கறுப்பு வெள்ளைப் பெட்டியில். எனக்கு வடிவம்தான் முக்கியம், மலையின் பெயர் போனதில் வருத்தமும் உண்டு.

அம்மாவின் அறையில் இருக்கும் தட்டைத் திரையில், பழைய நிகழ்ச்சிகளின் நாலுக்கு மூன்று அளவுப் படத்தைப் பதினாறுக்கு ஒன்பதாக இழுத்துவிடுகிறார்கள். கண்ணின் நடுவே இருக்கும் வட்டம் முட்டை ஆகிவிடுகிறது. பழைய பெட்டிகளின் சட்டம் படத்தின் ஓரத்தை விழுங்கிவிடும் என்பதால் அன்றைக்கு இலச்சினையை ஓரத்திலிருந்து நன்றாகத் தள்ளி உள்ளே வைத்தார்கள். ஓரம் முழுவதும் தெரியும் இந்தத் திரையில் அது வழிதவறியதுபோல் நிற்கிறது. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் ரிமோட்டில் அளவை மாற்றி வட்டத்தை வட்டமாக்கிவிட்டு வருகிறேன். அடுத்த முறை போனால் மறுபடியும் முட்டையாக இருக்கும். உங்களைத் தவிர வேறு யாருக்கும் இது ஒரு பொருட்டாக இராது.

சென்ற மாதம் என் ஆறாம் வகுப்பு அறிவியல் நோட்டின் அட்டைக்குள் ஒரு தாள் கிடைத்தது. நான் வரைந்த உருளைக்கிழங்கும், அதன் மேல் உங்கள் திருத்தமும். அதை வைத்துக்கொண்டு, எரிந்த மற்றவற்றை நினைவிலிருந்து திரும்ப வரைவதென்று முடிவு செய்திருக்கிறேன். உங்கள் அனுமதியைக் கேட்காமலே ஆறு தாள்களை முடித்துவிட்டேன். ஏழாவதில் நின்றுபோயிற்று. உங்கள் திருத்தக் கோடு இடது வளைவில் முழுமையாக இருக்கிறது. வலது வளைவிலோ, மூலை மடிந்து கிழிந்த இடத்தில் நுனி இல்லை. இணையத்தில் பார்த்து வரைந்துகொள்ளலாம்தான், ஆனால் எனக்கு வேண்டியது நம் பெட்டியில் தெரிந்த நுனி. அது கூராக முடிந்ததா, மழுங்கி முடிந்ததா? நினைவிருந்தால் ஒரு வரி எழுதுங்கள். வரைந்தே அனுப்பினாலும் சரி.

அன்புடன்,
தங்கை