அந்தப் பச்சை டிக்குக்கு நன்றி

நண்பர்களே,

மறைந்த ஓர் அம்மையாரைப் பற்றி நாம் எழுதிய கட்டுரை இன்று ஆங்கில விக்கிப்பீடியாவின் முதற்பக்கத்தில், புதிய கட்டுரைகளிலிருந்து ஒரு வரித் தகவல் தரும் 'உங்களுக்குத் தெரியுமா' பகுதியில் வந்துவிட்டது. அதை அங்கே போடப் பரிந்துரைத்த பக்கத்தில், பிறந்த ஆண்டையும் ஆதாரத்தையும் பற்றி நடந்த வாக்குவாதங்களை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள், அதனால் அந்தக் கதைக்குள் திரும்பப் போகவில்லை. அந்த அம்மையாரின் பெயரை முதற்பக்கத்தில் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. அந்த ஈரம் காய்வதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் நன்றி, கடைசியாக வந்து மதிப்பாய்வை எடுத்துக்கொண்டவருக்கு. பயனர் பெயரைத் தாண்டி அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அந்தப் பெயரையும் இங்கே போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அவர் செய்தது என்ன என்று சொன்னால்தான் என் நன்றியின் அளவு புரியும். மதிப்பாய்வுக்கு வருபவர் பார்க்க வேண்டியவை நமக்குத் தெரியும்: பரிந்துரைக்கு முந்தைய ஏழு நாளுக்குள் கட்டுரை எழுதப்பட்டதா, உரை 1500 எழுத்துகளுக்குக் குறையாமல் இருக்கிறதா, முதற்பக்கத்தில் வரும், ஹுக் என்று நாம் சொல்லும் அந்த ஒற்றை வரி 200 எழுத்துகளுக்குள் நிற்கிறதா, அதற்கு மேற்கோள் இருக்கிறதா, வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டியதா, நடுநிலையாக இருக்கிறதா. இதையெல்லாம் அவர் பார்த்தார். நம் ஹுக்குக்கு ஆதாரமோ அச்சில் மட்டுமே கிடைக்கும் பழைய நூல். இணையத்தில் அதன் ஒரு பக்கம்கூட இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில் மேற்கோள் கொடுத்தவரை நம்பி சாம்பல் நிற டிக் போட்டுவிட்டு நகரலாம், விதியே அதற்கு இடம் கொடுக்கிறது. அவர் அப்படிச் செய்திருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் நூலகத்தில் கேட்டு அந்தப் புத்தகத்தை வரவழைத்திருக்கிறார். யாரும் சொல்லாமல், யாரிடமும் சொல்லாமல். பிறகு ஒருநாள் பரிந்துரைப் பக்கத்தில் நாலு வரி எழுதினார். புத்தகத்தைப் பார்த்தேன், ஹுக்கில் உள்ள தகவல் சரி, பிறந்த ஆண்டும் கட்டுரையில் உள்ளதுதான், இணையத்தில் உலவும் மற்றொரு ஆண்டுக்கு இதில் ஆதாரமே இல்லை என்று. கீழே பச்சை டிக், ஆதாரத்தைத் தானே பார்த்துச் சரி என்று சொல்லும் குறி. அதோடு நிற்காமல், புத்தகத்தின் முந்தைய பக்கத்தில் அந்த அம்மையாரின் ஆசிரியப் பணி பற்றி ஒரு பத்தி இருக்கிறது, கட்டுரையில் சேர்த்தால் நன்றாக இருக்கும் என்று பக்க எண்ணோடு குறிப்பும் போட்டிருந்தார். அந்தக் குறிப்பை எத்தனை தடவை படித்தேனோ! சந்தேகத்தோடே எல்லோரும் திறந்த அந்தக் கட்டுரையை, இன்னும் கொஞ்சம் வளரட்டுமே என்ற எண்ணத்தோடு திறந்தவர் அவர் ஒருவர்தான்.

பிறந்த ஆண்டுக்கா இவ்வளவு என்று சிலர் கேட்டீர்கள். முதற்பக்கத்தில் வரும் கட்டுரையில் ஒரு தப்பான ஆண்டு இருந்தால் அதை நாலு தளங்கள் எடுத்துப் போடும், பிறகு அந்தத் தளங்களையே ஆதாரமாகக் காட்டி யாராவது நம்மிடம் வாதாடுவார்கள், நாம் எழுதியதே நமக்கு மேற்கோளாகத் திரும்பி வரும். உயிரோடு இல்லாத ஒருவர் வந்து திருத்தவா போகிறார்?

2018இல் டோனா ஸ்டிரிக்லாண்டுக்கு இயற்பியல் நோபல் அறிவித்தபோது ஆங்கில விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றிக் கட்டுரையே இல்லை, அதே ஆண்டு மே மாதம் ஒரு வரைவு போதிய ஆதாரம் காட்டவில்லை என்று திருப்பப்பட்டிருந்தது. திருப்பியவர் விதிப்படிதான் செய்தார், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பெண்களைப் பற்றிய ஆதாரம் பல நேரம் நூலக அலமாரியில்தான் கிடக்கிறது, யாராவது எழுந்து போய் எடுத்தால்தான் உண்டு.

அப்புறம் மற்றவர்கள். படத்தின் பதிப்புரிமையைத் தேடிப் பிடித்து உறுதி செய்தவர், நகல் சோதனைக் கருவியை ஓட்டிப் பொருந்திய ஒவ்வொரு சொற்றொடரையும் நின்று பார்த்தவர், கட்டுரையை நீக்கலாம் என்ற பேச்சு வந்தபோது குரல் உயர்த்தாமல் பதில் சொன்னவர்கள், முதற்பக்கத்துக்கான வரிசையில் ஏற்றிய நிர்வாகி, எல்லோருக்கும் நன்றி. கேள்வி கேட்டவர்களுக்கும்தான். அந்தக் கேள்விகள் வராவிட்டால் அந்தப் புத்தகத்தை யாரும் திறந்திருக்கப் போவதில்லை.

நம்முடையதைப் பரிந்துரைத்தால் பதிலுக்கு இன்னொருவருடையதை மதிப்பாய்வு செய்ய வேண்டும் என்ற கணக்கு இருக்கிறதே, இனி அதைக் கணக்குக்காகச் செய்யப் போவதில்லை. அச்சு நூல் என்று தெரிந்தால் கிடைக்கிறதா என்று முதலில் தேடிப் பார்ப்பேன், கிடைக்காவிட்டால்தான் சாம்பல் டிக். மதிப்பாய்வுக்குக் காத்திருக்கும் பட்டியலில் நீண்ட நாளாக யாரும் தொடாத வாழ்க்கை வரலாறு ஒன்று கிடக்கிறது, அதை எடுத்துக்கொண்டுவிட்டேன். உங்களில் யாருக்காவது ஒரு பழைய புத்தகத்தின் பக்கத்தைச் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் என் பேச்சுப் பக்கத்தில் ஒரு வரி போடுங்கள், என்னால் எட்ட முடிந்த நூலகத்தில் இருந்தால் போய்ப் பார்த்துச் சொல்கிறேன்.